நாக் அவுட் மட்டும் போதுமா? ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கான தகுதி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது

கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் எம்எம்ஏ விளையாட்டின் ஹெவிவெயிட் பிரிவில் புதிய வீரர் ஒருவர் அடுத்தடுத்து மூன்று, நான்கு பேரை முதல் சுற்றிலேயே சாய்த்துவிட்டால், அவரைச் சாம்பியனுடன் மோதவிட வேண்டும் என்ற குரல் உடனே எழுகிறது. எதிர்க்குரலும் உடன் எழுகிறது: இதுவரை அவர் வென்றவர்கள் யார், நீண்ட சண்டையில் தாக்குப்பிடிப்பாரா, ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன பதில்? இரு தரப்பும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அவர்கள் வெவ்வேறு கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். வாசகர்களின் குழப்பத்துக்கு அதுவே காரணம். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் ஹெவிவெயிட் வரலாற்றில் இந்த விவாதத்துக்கு வேண்டிய சான்றுகள் தாராளமாகவே கிடைக்கின்றன.

பிரிவின் அடிப்படை

யுஎஃப்சி ஹெவிவெயிட் பிரிவின் எடை வரம்பு 206 முதல் 265 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 93 கிலோவிலிருந்து 120 கிலோ வரை. இதற்கு அடுத்த கீழ்ப் பிரிவான லைட் ஹெவிவெயிட்டில் வீரர்களுக்கிடையே இருக்கக்கூடிய அதிகபட்ச இடைவெளி 20 பவுண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஹெவிவெயிட்டிலோ 59 பவுண்டு வித்தியாசமுள்ள இருவர் சட்டப்படி மோதலாம். இந்த உடல்வாகும் உயர்தரப் பயிற்சியும் ஒருசேர வாய்த்த மனிதர்கள் உலகிலேயே குறைவு என்பதால், இந்தப் பிரிவில் வீரர்களின் எண்ணிக்கையும் குறைவு. நான்கைந்து வெற்றிகளிலேயே ஒருவர் உச்சியை நெருங்கிவிட முடிவது இதனால்தான்.

அடுத்து கவனிக்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கை. சாதாரணப் போட்டி ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று கொண்டது. பட்டப் போட்டி ஐந்து சுற்றுகள் கொண்டது. 15 நிமிடத்துக்கும் 25 நிமிடத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு இலகு எடைப் பிரிவுகளில் பயிற்சியால் சமாளிக்கக்கூடிய ஒன்று. 110, 115 கிலோ உடலைச் சுமந்துகொண்டு மல்லுக்கட்டும் ஒருவருக்கு அது முற்றிலும் வேறு வகையான சோதனை. இருபது ஓவர் ஆட்டத்தில் சிக்ஸர் விளாசுகிறார் என்பதற்காகவே ஒருவரை டெஸ்ட் அணிக்குத் தேர்ந்தெடுத்தால் எழும் ஐயம்தான், முதல் சுற்று நாக் அவுட்டுகளை மட்டும் காட்டிப் பட்டப் போட்டி கேட்பவரிடமும் எழுகிறது.

2011 நவம்பரிலிருந்து, பட்டம் பணயத்தில் இல்லாத தலைமைப் போட்டிகளையும் (ஒரு நிகழ்ச்சியின் இறுதியில் வரும் முக்கியப் போட்டி) யுஎஃப்சி ஐந்து சுற்றுகளாக நடத்திவருகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பட்டப் போட்டிக்கு முன்பே ஒருவரை ஐந்து சுற்று ஏற்பாட்டில் சோதித்துப் பார்க்கும் வசதி நிறுவனத்திடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறதா என்பது வேறு விஷயம்.

வாய்ப்பைத் தருபவர் யார்

பலர் நினைப்பதற்கு மாறாக, தரவரிசையில் முதலிடம் பிடித்தவர் தானாகவே சாம்பியனைச் சந்திப்பார் என்ற விதி யுஎஃப்சியில் கிடையாது. 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அதன் தரவரிசை, ஊடகத்தினர் அடங்கிய குழுவின் வாக்குகளால் உருவானது. ஒவ்வொரு பிரிவிலும் சாம்பியனுக்குக் கீழே 15 பேர் வரிசைப்படுத்தப்படுவார்கள். அந்த வரிசை எந்த வகையிலும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. யார் யாருடன் எப்போது மோதுவது என்பதைப் போட்டிகளை அமைக்கும் அலுவலர்களும் தலைமை நிர்வாகி டேனா வைட்டும் தீர்மானிக்கிறார்கள்.

தொழில்முறைக் குத்துச்சண்டையுடன் ஒப்பிட்டால் இதன் பொருள் தெளிவாகும். அங்கே போட்டியை நடத்துபவர் ஒருவர், பட்டத்தை வழங்கும் அமைப்பு வேறு. டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய நான்கு அமைப்புகளும் 'கட்டாயச் சவாலாளர்' என்று ஒருவரை நியமித்து, குறித்த காலத்துக்குள் சாம்பியன் அவரைச் சந்திக்க வேண்டும் என்று வற்புறுத்த முடியும். 2024 ஜூனில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் ஐபிஎஃப் ஹெவிவெயிட் பட்டத்தைத் துறந்ததும், அந்த அமைப்பின் இடைக்கால, அதாவது தற்காலிக, சாம்பியனாக இருந்த டேனியல் டுபோயிஸ் முழுச் சாம்பியனாக உயர்த்தப்பட்டதும் இந்த ஏற்பாட்டின் விளைவே. குத்துச்சண்டைக்கென்று அமெரிக்கா 2000-இல் இயற்றிய முகமது அலி சீர்திருத்தச் சட்டம், தரவரிசைக்குப் புறவயமான அளவுகோல்கள் இருக்க வேண்டும் என்று பட்டம் வழங்கும் அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தச் சட்டத்தை எம்எம்ஏவுக்கும் நீட்டிக்க, முன்னாள் எம்எம்ஏ வீரரான மார்க்வெய்ன் மல்லின் 2016-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

ஆகவே யுஎஃப்சியில் சண்டையை விற்பவரும் பட்டத்தை வழங்குபவரும் ஒருவரே. குத்துச்சண்டையின் ஏற்பாடு அப்பழுக்கற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான்கு அமைப்புகள், நான்கு பட்டங்கள் என்று அது சிதறிக் கிடக்கிறது. ஆனால் அங்கே தகுதியுள்ளவருக்கு முறையிட ஓர் இடமாவது இருக்கிறது.

ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள்

"இவருக்குப் பட்டப் போட்டி தரலாமா?" என்று கேட்கும்போது மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. உரிமை: வரிசையில் தனக்கு முன்னால் இருந்தவர்களை வென்று இந்த இடத்துக்கு வந்திருக்கிறாரா? இது கடந்தகாலத்தைப் பற்றிய கேள்வி.

2. ஆயத்தம்: 25 நிமிடம், உலகின் மிகச் சிறந்த எதிராளி, தன் முதல் திட்டம் பலிக்காத நிலைமை ஆகியவற்றுக்கு அவர் தயாரா? இது எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு.

3. சந்தை: அவர் பெயருக்கு மக்கள் பணம் கொடுத்துப் பார்ப்பார்களா?

முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒரே வீரரைப் பற்றி முரணின்றிச் சொல்ல முடியும். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பலமான 'ஆம்', மற்ற இரண்டையும் அமுக்கிவிடுவதையும் பார்க்கலாம். இந்த மூன்றும் ஒரே மனிதரிடம் எப்படி மோதிக்கொள்கின்றன என்பதற்கு ஃபிரான்சிஸ் இங்கானுவைவிடத் தெளிவான சான்று இல்லை.

இங்கானு: சரியான ஆள், தவறான நேரம்

கேமரூனின் பட்டியே கிராமத்தில் மணல் குவாரியில் சிறுவயதிலேயே வேலை பார்த்து, பிறகு பாரிஸுக்கு வந்து சேர்ந்து, இருபதுகளின் பிற்பகுதியில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவர் இங்கானு. 2015 டிசம்பரில் யுஎஃப்சியில் அறிமுகமான அவர், முதல் ஆறு போட்டிகளையும் முடிவு நேரத்துக்கு முன்பே வென்றார். ஆறாவது போட்டி, 2017 டிசம்பர் 2 அன்று டெட்ராய்ட் நகரில் நடந்தது. எதிரில் இருந்தவர் கிக் பாக்சிங்கிலும் எம்எம்ஏவிலும் பெரும் பட்டங்களைக் கண்ட அலிஸ்டைர் ஓவரீம். முதல் சுற்று இரண்டு நிமிடத்தைத் தொடும் முன், ஓவரீம் இடக்கையை வீசிக்கொண்டு உள்ளே வந்த நொடியில், கீழிருந்து மேலாக எழும்பிய இங்கானுவின் இடக்கைக் குத்து தாடையைப் பிடித்தது. ஓவரீமின் தலை பின்னால் மடிந்து, உடல் தரையில் விழுவதற்கு முன்பே நினைவு போய்விட்டது. யுஎஃப்சியின் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற காட்சி அது.

ஏழே வாரங்களில், 2018 ஜனவரி 20 அன்று பாஸ்டனில், சாம்பியன் ஸ்டீப்பே மியோசிச்சுக்கு எதிராக இங்கானு நிறுத்தப்பட்டார். பந்தயக் கணக்குகளில் சாம்பியனைவிடச் சவாலாளருக்கே வெற்றி வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அதுவரையிலான பதிவை நிதானமாகப் படித்தவர்களுக்கு ஒன்று உறுத்தியிருக்க வேண்டும்: யுஎஃப்சியில் அவருடைய எந்தப் போட்டியும் மூன்றாம் சுற்றைத் தொட்டதில்லை. ஐந்து சுற்றுகளுக்கென ஏற்பாடு செய்யப்பட்ட போட்டி ஒன்றில்கூட அவர் இறங்கியதில்லை.

முதல் சுற்றில் இங்கானு வீசிய பெருங்குத்துகளில் பெரும்பாலானவை காற்றில் போயின. கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவரான மியோசிச் குனிந்து, கால்களைப் பிடித்து, அவரைத் தரையில் சாய்த்து, மேலே படுத்துத் தன் எடையைச் சுமக்க வைத்தார். அதன் பிறகு நடந்தது போட்டி என்பதைவிட ஒரு மனிதர் மெல்ல மெல்லச் சக்தி இழப்பதன் பதிவு என்றே சொல்லலாம். மூன்று நடுவர்களும் 50-44 என்று ஒரே கணக்கைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்குக் கீழ் என்பதுதான் புள்ளி முறை. ஐந்து சுற்றுகளையும் இழந்தாலே 50-45 தான் வரும். 44 என்றால் ஒரு சுற்றில் ஆதிக்கம் அப்பட்டமாக இருந்தது என்று பொருள்.

அந்தத் தோல்வி ஓர் இரவோடு முடியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் டெரிக் லூயிஸுக்கு எதிராக இறங்கிய இங்கானு, 15 நிமிடமும் ஏறக்குறைய கையை நீட்டாமலேயே நின்றார். ஹெவிவெயிட் வரலாற்றின் மிகச் சலிப்பூட்டும் போட்டிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. முந்தைய போட்டியின் பயத்தை இந்தப் போட்டிக்குச் சுமந்து வந்துவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அவசரமாகத் தரப்படும் வாய்ப்பு ஒரு தோல்வியை மட்டும் தருவதில்லை, ஒரு வீரரின் வளர்ச்சியையே பின்னுக்குத் தள்ளக்கூடும் என்று எச்சரிப்பவர்களிடம் இதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

கதையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2018 நவம்பருக்கும் 2020 மே மாதத்துக்கும் இடையே இங்கானு கர்ட்டிஸ் பிளேட்ஸ், கெய்ன் வெலாஸ்கெஸ், ஜூனியர் டோஸ் சாண்டோஸ், ஜெய்ர்சின்யோ ரோசன்ஸ்ட்ரைக் ஆகிய நால்வரையும் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். நான்கு போட்டிகளையும் கூட்டினால் மூன்று நிமிடம்கூட வராது. இப்போது உரிமை பற்றிய கேள்விக்கு இடமே இல்லை. ஆனாலும் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், பட்டம் மியோசிச்சுக்கும் டேனியல் கோர்மியேவுக்கும் இடையே சிக்கிக்கொண்டிருந்தது. 2018 ஜூலை, 2019 ஆகஸ்ட், 2020 ஆகஸ்ட் என்று அவர்கள் மூன்று முறை மோதினார்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் வெளியாள் ஒருவருக்குக் கிடைத்த பட்டப் போட்டி ஒன்றே ஒன்றுதான்.

2021 மார்ச் 27 அன்று மியோசிச்சை இங்கானு மீண்டும் சந்தித்தபோது, எதிராளி காலைப் பிடிக்க வந்ததும் இடுப்பைப் பின்னுக்கு இழுத்துத் தடுத்து, பின்புறம் சுழன்று ஏறித் தாக்கினார். இரண்டாம் சுற்றின் 52-ஆம் வினாடியில் பட்டம் கைமாறியது. 2022 ஜனவரியில், முழங்கால் காயத்தோடு, சிரில் கானுக்கு எதிராக முதல் சுற்றுகளில் பின்தங்கிய பிறகு, எல்லோரும் குத்துகளை மட்டுமே எதிர்பார்த்த அதே இங்கானு மல்யுத்தத்தால் எதிராளியைத் தரையில் சாய்த்து 25 நிமிடத்தையும் கடந்து வென்றார். அவரது குத்தின் வலிமை 2018-லும் 2022-லும் ஒன்றுதான். முதல் திட்டம் பலிக்காதபோது கைவசம் வைத்திருந்த இரண்டாவது திட்டம்தான் புதிது.

வேறு இரு எச்சரிக்கைகள்

ஷேன் கார்வின் 2010 ஜூலை 3 அன்று அப்போதைய சாம்பியன் பிராக் லெஸ்னரைச் சந்தித்தபோது அவருடைய கணக்கு 12 போட்டிகள், 12 வெற்றிகள், அனைத்தும் முதல் சுற்றில். அன்றும் முதல் சுற்றில் லெஸ்னரைத் தரையில் கிடத்தி அடித்தார். நடுவர் எந்நேரமும் நிறுத்தலாம் என்ற நிலை. நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றுக்கு எழுந்து வந்த கார்வினிடம் கைகளைத் தூக்கும் தெம்பே மிச்சமில்லை. லெஸ்னர் அவரைச் சாய்த்து, கையோடு சேர்த்துக் கழுத்தை இறுக்கிப் பணிய வைத்தார். பன்னிரண்டு வெற்றிகளில் ஒன்றுகூட இரண்டாம் சுற்றைப் பற்றி எந்தத் தகவலையும் தந்திருக்கவில்லை.

டெரிக் லூயிஸ் விவகாரம் இன்னும் விசித்திரமானது. 2018 அக்டோபர் 6 அன்று அலெக்ஸாண்டர் வோல்கோவிடம் தோற்றுக்கொண்டே வந்த அவர், போட்டி முடிய 11 வினாடிகள் இருக்கும்போது ஒரே குத்தில் ஆட்டத்தை மாற்றினார். கூண்டுக்குள்ளேயே எடுக்கப்பட்ட பேட்டியில், இந்த மூச்சை வைத்துக்கொண்டு பட்டத்துக்கு மோதும் எண்ணம் தனக்கு இல்லை என்ற பொருளில் அவரே பேசினார். நான்கு வாரம் கழித்து நியூயார்க்கில் கோர்மியேவுக்கு எதிரே அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் கழுத்து நெரிபட்டுத் தோற்றார். மேலே குறிப்பிட்ட, வெளியாளுக்குக் கிடைத்த அந்த ஒரே பட்டப் போட்டி இதுதான். ஆயத்தமாக இல்லை என்று வீரரே சொன்ன பிறகும் வாய்ப்பு தரப்படுகிறதென்றால், அந்த முடிவில் ஆயத்தம் ஓர் அளவுகோலாகவே இருக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

லெஸ்னர்: சந்தை மட்டும் பேசியபோது

டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிகழ்ச்சிகள் வழியே நம் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமான பிராக் லெஸ்னர், 2008 நவம்பர் 15 அன்று ராண்டி கூட்டூரை வென்று யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அந்த மேடைக்கு வரும்போது அவருடைய எம்எம்ஏ அனுபவம் மொத்தம் மூன்று போட்டிகள்: இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. கூட்டூர் ஒப்பந்தத் தகராறில் விலகியிருந்த காலத்தில் இடைக்காலப் பட்டத்தை வென்றிருந்த பிரேசிலின் அன்டோனியோ ரோட்ரிகோ நொகெய்ரா அப்போது வரிசையில் இருந்தார். முழுப் பட்டத்துக்கான வாய்ப்பு நொகெய்ராவுக்குப் போகாமல் லெஸ்னருக்குப் போனதற்கு, சந்தையைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

லெஸ்னர் வென்றார் என்பதால் அந்த முடிவு சரி என்று வாதிடுபவர்கள் உண்டு. கல்லூரி மல்யுத்தத்தில் அமெரிக்க தேசியப் பட்டம் பெற்றவர் என்ற வகையில் ஆயத்தம் பற்றிய கேள்விக்கு அவரிடம் ஓரளவு பதில் இருந்தது என்பதை ஏற்கலாம். ஆனால் உரிமை பற்றிய கேள்விக்கு வெற்றி விடையாகாது. வரிசையைத் தாண்டி உள்ளே வந்தவர் நன்றாக ஆடினார் என்பது, வரிசையில் நின்றவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அழித்துவிடாது.

தாமதத்துக்கும் விலை உண்டு

இவ்வளவையும் படித்த ஒருவர், சவாலாளர்களை எவ்வளவு காக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்கு வரக்கூடும். அதுவும் சரியில்லை. ஹெவிவெயிட்டில் ஒவ்வொரு கூடுதல் போட்டியும் ஒரே குத்தில் எல்லாம் முடிந்துபோகக்கூடிய ஆபத்து. கர்ட்டிஸ் பிளேட்ஸ் 2016-இலிருந்து யுஎஃப்சியில் இருக்கிறார். மல்யுத்தத்தால் எதிராளியைக் கட்டிப்போடும் அவரது பாணி வெற்றி தந்தது, ரசிகர்களை ஈர்க்கவில்லை. பட்டத்தை நெருங்கிய ஒவ்வொரு முறையும் அவருக்கு இன்னொரு சோதனை வைக்கப்பட்டது. 2018-இல் இங்கானு, 2021-இல் லூயிஸ், 2023-இல் செர்கெய் பாவ்லோவிச் என்று அந்தச் சோதனைகளில் அவர் வீழ்ந்தார். கடைசியில் 2024 ஜூலையில் இடைக்காலப் பட்டத்துக்கான வாய்ப்புக் கிடைத்தபோது 60 வினாடிகளில் தோற்றார்.

அந்த 60 வினாடி வெற்றியைப் பெற்ற டாம் ஆஸ்பினலின் நிலை வேறு விதமான தாமதம். இங்கே இடைக்காலப் பட்டம் என்பதை விளக்க வேண்டும். சாம்பியன் காயத்தாலோ வேறு காரணத்தாலோ சண்டையிட முடியாதபோது, பிரிவு முடங்காமல் இருக்க உருவாக்கப்படும் தற்காலிகப் பட்டம் அது. சாம்பியன் திரும்பியதும் இருவரும் மோதி ஒரே பட்டமாக்க வேண்டும் என்பதுதான் நியாயம். 2023 நவம்பரில் சாம்பியன் ஜான் ஜோன்ஸ் மார்புத் தசைநார் கிழிந்து விலகியபோது, சுமார் இரண்டு வார அவகாசத்தில் களமிறங்கிய ஆஸ்பினல், தொடர்ந்து ஆறு முதல் சுற்று வெற்றிகளோடு வந்த பாவ்லோவிச்சை 69 வினாடிகளில் வீழ்த்தி இடைக்காலச் சாம்பியன் ஆனார்.

ஜோன்ஸ் திரும்பி வந்தபோது ஆஸ்பினலைச் சந்திக்கவில்லை. 2024 நவம்பர் 16 அன்று அவர் மோதியது மியோசிச்சுடன். மியோசிச்சுக்கு அப்போது வயது 42. மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டையிடவில்லை. கடைசியாகச் சண்டையிட்டபோது நாக் அவுட் ஆகியிருந்தார். உரிமை, ஆயத்தம் இரண்டிலும் தோற்றுப்போகும் ஒரு தேர்வு, இரு பெரும் பெயர்கள் என்ற சந்தைக் காரணத்தால் மட்டுமே நின்றது. ஜோன்ஸ் மூன்றாம் சுற்றில் வென்றார். பிறகும் ஆஸ்பினலுடன் மோதாமல், 2025 ஜூன் 21 அன்று ஓய்வை அறிவித்தார். இடைக்காலப் பட்டத்தை வென்று ஏறத்தாழ 19 மாதங்கள் கழித்து, ஒரு குத்தும் வீசாமல் ஆஸ்பினல் முழுச் சாம்பியன் ஆனார். அவருடைய தலைமுறையின் மிக முக்கியமான ஹெவிவெயிட் போட்டி நடக்காமலேயே போனது, நிறுவனம் தன் சாம்பியனைக் கட்டாயப்படுத்த முடியாததாலா, விரும்பாததாலா என்று விவாதிக்கலாம். கட்டாயச் சவாலாளர் விதி இருந்திருந்தால் ஜோன்ஸ் மோதியிருக்க வேண்டும், அல்லது பட்டத்தை ஓராண்டு முன்பே இழந்திருக்க வேண்டும்.

பணம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது

சாம்பியன்களுக்குப் போட்டிச் சம்பளத்துக்கு மேல், கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஒளிபரப்பின் வருவாயில் ஒரு பங்கு கிடைப்பது வழக்கமாக இருந்தது. சவாலாளர்களில் பெரும் நட்சத்திரங்களுக்கே அது சாத்தியம். தனக்கும் பங்கு இருப்பதால், அதிகம் விற்கும் எதிராளியைச் சாம்பியனே விரும்புவார். நிறுவனத்தின் விருப்பமும் அதுவே. இரண்டும் ஒரே பக்கம் சாயும்போது, அமைதியாக வென்றுகொண்டிருக்கும் நான்காம் இடத்து வீரருக்காகப் பேச ஆளில்லை.

ஒப்பந்தங்களும் இதில் சேர்கின்றன. சாம்பியனாக இருப்பவரின் ஒப்பந்தம் தானாக நீளும்படியான பிரிவு யுஎஃப்சி ஒப்பந்தங்களில் இருந்துவந்தது. 2022 ஜனவரியில் கானுக்கு எதிரான பட்டப் பாதுகாப்புக்கு இங்கானுவுக்கு அறிவிக்கப்பட்ட சம்பளம் 6 லட்சம் டாலர். அதன் பிறகு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் காலம் முடியும்வரை காத்திருந்து, 2023 ஜனவரியில் பட்டத்தை விட்டுவிட்டு வெளியேறினார். அந்த வெற்றிடத்தில்தான் ஜோன்ஸ், ஹெவிவெயிட்டில் அதுவரை ஒரு போட்டிகூட ஆடாமலேயே, நேரடியாகப் பட்டப் போட்டிக்குள் வந்தார். லைட் ஹெவிவெயிட்டில் அவர் செய்த சாதனைகளுக்கு அந்தச் சலுகை பொருந்தும் என்றே தோன்றுகிறது. ஆனால் அது சலுகைதான்.

2026 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் மதிப்பில் பாரமவுன்ட் நிறுவனத்துடன் யுஎஃப்சி செய்துகொண்ட ஒப்பந்தம், அமெரிக்காவில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கட்டணம் வசூலிக்கும் முறையை முடிவுக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனியாக விற்றாக வேண்டிய நெருக்கடி குறைவதால், கோட்பாட்டளவில் தகுதி வரிசையை மதிக்க நிறுவனத்துக்கு வசதி கூடுகிறது. வசதி கூடியதாலேயே அப்படி நடந்துவிடும் என்று நம்ப முந்தைய வரலாறு இடம் தரவில்லை.

ஒரு சவாலாளரை எடைபோடும்போது

உரிமையை வெற்றி தோல்விப் பட்டியலிலிருந்து கணக்கிடலாம். சந்தையை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பார்வையாளர் உழைத்துக் கண்டறிய வேண்டியது ஆயத்தம்தான். அதற்கு இவற்றைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்:

1. முதல் சுற்றைத் தாண்டியிருக்கிறாரா? தாண்டியபோது அவருடைய மூச்சும் கால் அசைவும் எப்படி இருந்தன?

2. தேர்ந்த மல்யுத்த வீரர் ஒருவர் அவரைத் தரையில் சாய்த்திருக்கிறாரா? எழுந்து நிற்கத் தெரிந்ததா?

3. ஒரு சுற்றையாவது தெளிவாக இழந்த பிறகு வென்றிருக்கிறாரா?

4. அவர் வென்றவர்கள் தங்கள் உச்சத்தில் இருந்தார்களா, இறங்குமுகத்தில் இருந்தார்களா? வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் ஆடுவது இந்தப் பிரிவில் சாதாரணம் என்பதால், பெரிய பெயரை வீழ்த்துவது எப்போதும் பெரிய வெற்றி ஆகாது.

முதல் இரண்டுக்கும் விடை இல்லாத வீரருக்கு, பட்டப் போட்டிக்கு முன் ஐந்து சுற்றுத் தலைமைப் போட்டி ஒன்றை, அதுவும் மல்யுத்தம் தெரிந்த எதிராளியுடன் அமைப்பதே நியாயமான வழி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பட்டம் காலியாக இருந்தாலோ, தகுதியுள்ள மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சாம்பியனிடம் தோற்றிருந்தாலோ மட்டும் இதற்கு விதிவிலக்குத் தரலாம்.

இந்த அளவுகோல்களை 2025 அக்டோபர் 25 அன்று அபுதாபியில் ஆஸ்பினலுக்கு எதிராக நிறுத்தப்பட்ட சிரில் கான் மீது வைத்துப் பார்த்தால் முரணான முடிவு கிடைக்கிறது. உரிமைக் கணக்கில் அவர் பலவீனமானவர்: இங்கானுவிடமும் ஜோன்ஸிடமும் ஏற்கெனவே இரண்டு பட்டப் போட்டிகளில் தோற்றவர், இந்த மூன்றாவது வாய்ப்புக்கு முன் அவர் பெற்ற கடைசி வெற்றி, 2024 டிசம்பரில் வோல்கோவுக்கு எதிராக நடுவர்கள் பிரிந்து கொடுத்த தீர்ப்பு. வோல்கோவே வென்றதாகப் பலர் கருதிய போட்டி அது. அந்தப் போட்டிக்கு முன் தொடர்ந்து நான்கு வெற்றிகளைக் குவித்திருந்த வோல்கோவ், அபுதாபியில் அதே இரவில் ஜெய்ல்டன் அல்மெய்டாவுடன் மூன்று சுற்றுப் போட்டியில் ஆடி வென்றுகொண்டிருந்தார்.

ஆயத்தக் கணக்கிலோ கானுக்கு நிகரான சவாலாளர் அன்று இல்லை. ரோசன்ஸ்ட்ரைக், வோல்கோவ், இங்கானு ஆகியோருக்கு எதிராக மூன்று முறை முழு 25 நிமிடங்களைக் கடந்தவர் அவர். முதல் சுற்றில் சாம்பியனின் மூக்கிலிருந்து ரத்தம் வரவழைத்தார். 4 நிமிடம் 35 வினாடியில் அவருடைய விரல்கள் ஆஸ்பினலின் கண்ணில் பட்டு, பார்வை தெரியவில்லை என்று சாம்பியன் சொன்னதால், வெற்றியும் தோல்வியும் இல்லாத 'நோ கான்டெஸ்ட்' என்று போட்டி நிறுத்தப்பட்டது. யுஎஃப்சியில் ஆஸ்பினல் அதுவரை பெற்ற எட்டு வெற்றிகளில் ஏழு முதல் சுற்றில் முடிந்தவை, எட்டாவது இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் முடிந்தது. சவாலாளர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விக்கு, சாம்பியனிடமும் அன்றுவரை விடை இருக்கவில்லை.